காற்று திரும்புவதற்கு முன்னால்: கரிசல் ஊர்களில் மழைக்காலத்தை வரவேற்கும் விதம்

சென்னையில் வளர்ந்து, திருமணமாகி தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்திருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “இங்கே வெயில் தாங்க முடியவில்லை. ஜூன் பிறந்தும் மழையைக் காணோம். காற்று மட்டும் புழுதியை வாரி அடிக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பருவம் மாறுவதை எப்படித்தான் வரவேற்பார்கள்? பிள்ளைகளோடு நானும் அதில் கலந்துகொள்ள என்ன செய்ய வேண்டும்?”

சுருக்கமாகச் சொன்னால், கரிசல் காட்டில் மழை வந்த பிறகு அதை வரவேற்க யாருக்கும் நேரம் இருக்காது. வரவேற்பு முழுக்க வெயிலிலேயே நடந்து முடிந்துவிடும். நிலம் உழுது கிடக்க வேண்டும், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் சுத்தமாக இருக்க வேண்டும், வத்தல் பானைக்குப் போயிருக்க வேண்டும், கடைசியில் விதையும் காய்ந்த புழுதிக்குள் இறங்கியிருக்க வேண்டும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாட்களில் இத்தனையையும் செய்து வைப்பதுதான் எங்கள் பக்கத்து வரவேற்பு. சாமி கும்பிடும் முளைப்பாரியும் கோயில் கொடைவிழாவும் இந்த வேலைகளுக்கு நடுவில்தான் வரும். அதனால் வேலையையும் திருவிழாவையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஜூன் மாதக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது என்று செய்தி வரும். அந்த மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறி, உலர்ந்து நம் பக்கம் வருகிறது. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புகும்போது அதன் வேகம் இன்னும் கூடும். கயத்தாறிலும் முப்பந்தலிலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கோவில்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அதே நாளில் நம் முற்றத்தில் அம்மி பறக்கிற காற்றும் புழுதியும்தான். தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 920 மி.மீ. அதில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருடம் முழுவதற்கும் 650 மி.மீ. அளவுதான், அதிலும் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களில். ஆகவே நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது ஐப்பசியை. ஆனி, ஆடியில் மழை இல்லையே என்று மனம் தளர வேண்டாம். இந்த ஊருக்கு அது மழைக்காலமே இல்லை.

மாற்றத்தை முதலில் காட்டிக்கொடுப்பது காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் மேற்கேயிருந்து அடிப்பது மேல்காற்று. புரட்டாசியில் அது சோர்ந்துபோகும். சில நாட்கள் இலைகூட அசையாது, உடம்பெல்லாம் கசகசவென்று புழுங்கும். பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று புரட்டாசியைச் சொல்வது இந்த நாட்களைத்தான். அப்புறம் ஒரு நாள் கிழக்கேயிருந்து ஈரமான காற்று லேசாக வரும். பெரியவர்கள் அதைக் கொண்டல் என்பார்கள். வடக்கேயிருந்து வருவது வாடை. சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. மேல்காற்று நின்று கொண்டல் எழும்புகிற அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வெயில் நாட்களில் இவ்வளவு அலைவது அதற்காகத்தான்.

இந்த அலைச்சல் சித்திரையிலேயே தொடங்கிவிடும். சித்திரை முதல் தேதி வேப்பம்பூவும் புது மாங்காயும் சமையலுக்கு வரும், அது உங்களுக்கும் தெரிந்ததுதான். அன்றோ, அதையடுத்து வரும் ஒரு நல்ல நாளிலோ பல ஊர்களில் நல்லேர் பூட்டுவார்கள். சில ஊர்களில் இதற்குப் பொன்னேர் என்று பெயர். மாட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, நவதானியம் எடுத்துக்கொண்டு, ஊரார் சேர்ந்து நிலத்தில் சில சால் ஓட்டுவார்கள். மாடு குறைந்துபோன ஊர்களில் இப்போது டிராக்டருக்கு மாலை போட்டு ஓட்டுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஊர் ஒன்றாக வயலில் இறங்கி, இந்த வருடமும் விவசாயம் செய்யப் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதுதானே அந்த நாளின் காரியம்.

அந்தச் சடங்கைத் தொடர்ந்து வருவது கோடை உழவு. சித்திரை, வைகாசியில் இடியோடு ஒரு மழை கிடைக்கும். ஊரில் அதை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள், “ஒரு உழவு மழை” என்பார்கள், அதாவது ஏர் இறங்குகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று பொருள். அந்த ஈரம் காய்வதற்குள் சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட வேண்டும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்கிற சொலவடை இதற்காக வந்தது. குறுக்கே உழுத நிலத்தில் அடுத்து வரும் மழை ஓடிவிடாமல் இறங்கும். கோரையும் அருகும் வேரோடு புரண்டு வெயிலில் காயும். மண்ணுக்குள் இருக்கும் புழுக்களின் கூடுகள் மேலே வரும், ஏருக்குப் பின்னாலேயே நடந்து வரும் கொக்கும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 2018க்குப் பிறகு மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்னத் தொடங்கியதிலிருந்து இந்த உழவின் அருமை இன்னும் கூடியிருக்கிறது. அந்தப் புழுவும் மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகிறது.

உழுத நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவதும் இதே காலத்தில்தான். ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டி வந்து இரவில் உங்கள் நிலத்தில் அடைத்துவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போய்விடும். எத்தனை ஆடு, எத்தனை இரவு என்று கணக்குப் பார்த்துப் பணமோ தானியமோ கொடுப்பது வழக்கம். பிள்ளைகளை ஒரு சாயங்காலம் கிடை பார்க்கக் கூட்டிப் போங்கள். நாயும் வலையும் குட்டிகளை மூடும் கூடையுமாக அது ஒரு தனி உலகம்.

கண்மாய் வேலையும் வெயிலில்தான் நடந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. தென்மாவட்டங்களில் இவற்றில் பெரும்பாலானவை மழையை மட்டுமே நம்பியவை. நீர் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். இப்போது அதற்கு வட்டாட்சியர் அனுமதி வாங்க வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டும், மடை சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும், நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கில் விரிசல் இருந்தால் பூச வேண்டும். ஊரார் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பி இதைச் செய்துவந்தார்கள். குடிமராமத்து என்பது அதுதான். அரசாங்கம் அந்தப் பெயரை எடுத்து 2017 முதல் திட்டமாக நடத்தியது. திட்டம் வரும், போகும். வரத்துக்காலைச் சுத்தம் செய்கிற ஊரில்தான் கண்மாய் நிரம்பும் என்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றுகிற நேரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர் முழுக்க ஊத்தா, கச்சா என்று மீன் பிடிக்கும் கூடையும் வலையும் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கும். போன மழையின் கடைசித் தண்ணீரையும் எல்லாரும் பகிர்ந்துகொண்டு முடிப்பது அது. நம் பக்கம் அவ்வளவு பெரிதாக இல்லை.

இனி வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கு வருகிறேன். நீங்கள் உடனே கைவைக்கக்கூடியது இதுதான். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். ஊர் வாயில் அது கத்திரி. வெளியே போக முடியாத அந்த வெயிலைத்தான் பெண்கள் வத்தலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். உங்கள் அத்தையிடம் கேட்டால் தெரியும், ஒவ்வொரு வத்தலுக்கும் ஒரு பதம் இருக்கிறது. சீனியவரைக்காயை உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்துக் காயப்போட வேண்டும். சுண்டைக்காயைத் தட்டி மோரில் ஊறவைக்க வேண்டும். மிளகாயைக் கீறி, உப்பு மோரில் இரவு ஊறவைத்து, பகலில் எடுத்துக் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு என்று மோர் முழுக்க வற்றும் வரை செய்ய வேண்டும். அரிசிக் கூழ் காய்ச்சி விடியற்காலையில் மொட்டை மாடியில் வேட்டி விரித்து ஊற்றினால் கூழ்வத்தல். காக்கா வராமல் காவல் இருப்பது பிள்ளைகள் வேலை. கரிசலுக்கே உரிய ஒன்று மிதுக்கவத்தல். காட்டில் தானாகக் கொடியோடிக் காய்க்கும் சின்னக் காயைப் பறித்து, கீறி, உப்பில் ஊறவைத்துக் காயவைத்தது. லேசான கசப்போடு, புளிக்குழம்புக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இவ்வளவு வத்தல் எதற்கு என்று நகரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றும். ஐப்பசியில் ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டால் உங்களுக்கே புரியும். நனைந்த கரிசல் மண் காலிலும் சக்கரத்திலும் அப்பிக்கொண்டு விடாது. இருசக்கர வண்டியில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். தார்ச்சாலை இல்லாத காட்டுப்பாதையில் மாட்டு வண்டிகூடப் போகாது. அந்த நாட்களில் குழம்புக்குக் கைகொடுப்பது பானைக்குள் இருக்கும் சித்திரை வெயில்தான். புளி, வத்தல்மிளகாய், மல்லி எல்லாவற்றையும் மாசி பங்குனியிலிருந்தே சேர்த்துக் காயவைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். விதைக்கென்று ஒதுக்கிய தானியத்தைத் தனியே வைத்து, அடுப்புச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து மூடிவைப்பார்கள். முன்பெல்லாம் வீட்டுக்குள்ளேயே மண்ணால் செய்த குலுக்கை இருக்கும். இப்போது பிளாஸ்டிக் டிரம்தான் எல்லா வீட்டிலும். விதையைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றும் கவனம் மட்டும் மாறவில்லை.

ஆடி வந்தால் கோயில்கள் களைகட்டும். காவிரிப் பக்கத்து ஆடிப்பெருக்குப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1934 முதல் மேட்டூர் அணை இருக்கிறது. ஜூன் 12 அணை திறக்க வேண்டிய நாள், தண்ணீர் இருந்தால் ஆடிப் பதினெட்டுக்குள் டெல்டா வாய்க்கால்களில் ஓடும். பெண்கள் படித்துறையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிடுவது கண்ணெதிரே ஓடும் தண்ணீரை. 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை கடைசி வாரம்தான் அணையைத் திறக்க முடிந்தது, டெல்டாக்காரர்கள் பட்ட தவிப்பு கொஞ்சமில்லை. நம் வைப்பாற்றிலோ ஆடியில் மணல்தான் கிடக்கும். நாம் ஆடியில் கும்பிடுவது இன்னும் வராத தண்ணீரை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதும் பாசனமோ தென்மேற்கு மழையோ கிடைக்கும் ஊர்களுக்குத்தான் அப்படியே பொருந்தும். மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கரிசலுக்கு விதைப்புக் காலம் புரட்டாசிப் பட்டம். யாராவது நாட்காட்டியைப் பார்த்து ஆடியிலேயே விதை போடச் சொன்னால் பக்கத்துக் காட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கேப்பைக்கூழும் கம்பங்கூழும் ஊற்றுவார்கள். அதைவிடப் பெரியது முளைப்பாரி. ஊருக்கு ஊர் இதன் மாதம் மாறும், பங்குனியிலும் புரட்டாசியிலும் எடுக்கிற ஊர்களும் உண்டு. காப்புக் கட்டிய பெண்கள் சின்னப் பானையிலோ கூடையிலோ கரிசல் மண்ணும் ஆட்டுப்புழுக்கைத் தூளும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த தானியங்களைத் தூவி, இருட்டறையில் வைப்பார்கள். பாசி, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று வீட்டில் இருப்பதெல்லாம் அதில் சேரும். தண்ணீர் தெளிக்க உரியவர் மட்டும் உள்ளே போவார். சாயங்காலம் அந்த வீட்டு வாசலிலோ கோயிலிலோ கும்மி நடக்கும். எட்டு ஒன்பது நாளில் வெயிலே படாத முளை வெளிர்மஞ்சளாக ஒரு முழம் உயரம் நிற்கும். வெளிச்சம் கிடைக்காத முளை அதைத் தேடி உயரமாகப் போகும், பச்சையம் சேராததால் அந்த நிறம். கடைசி நாள் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீர்நிலையில் கரைத்துவிடுவார்கள்.

இதை வெறும் வேண்டுதல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊரில் பல வீட்டு விதைகள் ஒரே நேரத்தில் ஈரம் பட்டு முளைக்கின்றன, எந்த வீட்டு முளை திடமாக வந்தது, எது சோடை என்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. விதைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னால் நடக்கும் முளைப்புத்திறன் சோதனை என்றே நான் இதைப் பார்க்கிறேன். முளை நன்றாக வந்தால் வருடம் நன்றாக இருக்கும் என்று கிழவிகள் சொல்வதில் அந்த அளவுக்காவது நேரடியான உண்மை இருக்கிறது. வராத விதையை மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறதே.

அப்புறம் புரட்டாசி. ஒரு கரிசல் விவசாயியின் துணிச்சலைப் பார்க்க வேண்டுமானால் இந்த மாதம் காட்டுக்குப் போக வேண்டும். பொட்டு ஈரம் இல்லாத மண்ணில் விதை போட்டுக்கொண்டிருப்பார்கள். மழைக்குப் பிறகு விதைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது, காரணம் மண். கரிசலில் களிப்பொருள் மிக அதிகம், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம், நல்ல மழை ஒன்றைக் குடித்ததும் உப்பி மூடிக்கொள்ளும். அதன்பின் பல நாட்கள் ஏரோ டிராக்டரோ உள்ளே இறங்க முடியாது. இறங்கக்கூடிய பதம் வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும், இப்படியே பட்டம் தவறிப்போகும். மொத்த மழையே மூன்று மாதம் என்னும்போது இரண்டு வாரம் பிந்தினாலும் கதிர் பிடிக்கிற சமயத்தில் ஈரம் இருக்காது. ஆகவே மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, பாசி எல்லாம் புழுதிக்குள் போய்விட வேண்டும்.

இதில் உள்ள ஆபத்து சின்ன மழை. அஞ்சோ பத்தோ மில்லிமீட்டர் தூறி விதை முளைத்து, அடுத்த மழை வராமல் போனால் முளை கருகிவிடும். அதற்குத்தான் ஆழம் பார்த்து விதைப்பது. ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் இருக்கும் விதையை எழுப்ப 20 மி.மீ.க்குக் குறையாத மழை வேண்டும். அவ்வளவு பெய்தால் முளையைத் தாங்கும் ஈரமும் மண்ணில் இருக்கும். பெரியவர்கள் விரல் கணுவை வைத்துச் சொன்ன ஆழத்தையும் வேளாண் அலுவலர்கள் சென்டிமீட்டரில் சொல்லும் ஆழத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரி நிலத்துக்கென்றே வேலை செய்துவருகிறது. விதையைப் பொட்டாசியம் உப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் வறட்சியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்கிற முறையும் இப்போது பரவியிருக்கிறது. விதைத்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம் மண்ணுக்குள் காத்திருக்கும்.

அந்த நாட்களில் எல்லாரும் அடையாளம் பார்ப்பார்கள். தட்டான் தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறதா, அந்தியில் ஈசல் கிளம்புகிறதா என்று. இவை காற்றின் ஈரத்தைக் காட்டுபவை, இன்றோ நாளையோ மழை வரலாம் என்ற அளவுக்கு நம்பலாம். இன்னொன்று மார்கழியில் பார்க்கும் கர்ப்போட்டம். சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் பதினான்கு நாள் அளவில் மேகம் எப்படி ஓடுகிறது என்று கவனித்து, அடுத்த வருட மழையைச் சொல்வார்கள். வானத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை அது கொடுக்கிறது, அதை நான் மதிக்கிறேன். விதைக்கும் தேதியை மட்டும் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

காற்று திரும்பியும் மழை வராத வருடங்கள் உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. புழுதியில் போட்ட விதை முளைக்காமலே போன காடுகள் ஏராளம், மாடுகளை வந்த விலைக்கு விற்றார்கள். அப்படிப்பட்ட வருடங்களில் மழைச்சோறு எடுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறோ கஞ்சியோ வாங்கி, ஒரே பாத்திரத்தில் கொட்டி, பொது இடத்தில் உட்கார்ந்து பகிர்ந்து தின்பார்கள். மழையில்லாமல் ஊர் பிச்சையெடுக்க வந்துவிட்டது என்று வானத்துக்குச் சொல்வது அது. கொடும்பாவி என்ற உருவபொம்மை கட்டி ஒப்பாரியோடு தெருவில் இழுத்துப் போவதும் உண்டு. சில ஊர்களில் மகாபாரதத்தின் விராட பர்வம் வாசிப்பார்கள். மழைச்சோற்றை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். இருப்பவர் சோறும் இல்லாதவர் சோறும் ஒரே பானையில் கலக்கும். வறட்சியைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று தெரிந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம்.

மழை வந்தால்? முதல் இரண்டு நாள் வெடிப்புகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், தரைமேல் ஓட்டமே தெரியாது. அப்புறம் நிலம் மூடும், வரத்துக்காலில் செங்காவித் தண்ணீர் வரும். நாலைந்து நாளில் காடு பச்சை கட்டும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை இரண்டும் பயிருக்கு நடுவே களையாக வரும், களையெடுக்கப் போகிற பெண்கள் மடி நிறையக் கொண்டுவருவார்கள். கொஞ்ச நாளில் அதலைக்காய் கிடைக்கத் தொடங்கும். பாகற்காய்க்குச் சொந்தம், விரல் அளவுகூட இல்லாத காய், யாரும் விதைக்காமல் கரிசலில் மட்டும் கிழங்கிலிருந்து தானாகத் துளிர்த்து வருவது. வருடத்தில் இந்த இரண்டு மாதம் போனால் திரும்பக் கிடைக்காது. பறித்த அன்றே வதக்கிவிட வேண்டும், அடுத்த நாள் வெடித்துவிடும். சந்தையில் பார்த்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

கண்மாய் நிரம்பி கலுங்கு பாய்கிற அன்று ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். மறுகால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போவதால் அந்த ஊர்க்காரர்களும் வந்து நிற்பார்கள். கண்மாய்க்கரைச் சாமிக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவது அப்போதுதான். கார்த்திகையில் விளக்கு ஏற்றி, பனையோலைக்குள் மாவை வைத்து அவித்த ஓலைக் கொழுக்கட்டை சாப்பிட்டு, பிள்ளைகள் மாவலி சுற்றும்போது பெருமழை ஓய்ந்திருக்கும். அதற்குப் பிறகு கரிசல் தன்னிடம் வைத்திருக்கும் ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் மல்லியும் கொண்டைக்கடலையும் விளைந்துவிடும்.

இந்த மழையை எல்லாரும் ஒன்றுபோல வரவேற்பதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு முதல் மழையோடு கூலி நின்றுவிடும், தை மாசி வரை கடன்தான். கோவில்பட்டி, சாத்தூர்த் தீப்பெட்டி வேலைக்கும் சிவகாசிப் பட்டாசு வேலைக்கும் காய்ந்த காற்று வேண்டும். மழை குறைந்த பூமி என்பதே அந்தத் தொழில்கள் இங்கே வேர்விட ஒரு காரணம். உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் காட்டு வேலையும் அடுத்த வீட்டில் தீப்பெட்டி வேலையும் இருக்கும், ஒரே மேகத்தை இரண்டு வீடும் இரண்டு விதமாகப் பார்க்கும். மழை அளவு மீறினாலும் ஊர் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ஒரு வருடத்து மழையைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின. கோடையில் கலுங்கையும் கரையையும் பார்த்து வைப்பது வறட்சிக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியதைக் கேட்டீர்கள். சித்திரை போய்விட்டது, ஆனாலும் ஆனி, ஆடி வெயிலில் மோர்மிளகாயும் சீனியவரை வத்தலும் தாராளமாகப் போடலாம். காற்று அடிப்பதால் மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் விழும். முளைப்பாரிக்கு எப்போது காப்புக் கட்டுகிறார்கள் என்று அத்தையிடம் இப்போதே கேட்டு வையுங்கள். யார் வீட்டில் வைக்கிறார்கள், விரதம் எத்தனை நாள், வெளியூரிலிருந்து வந்த மருமகள் எடுக்க என்ன முறை என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. பாரி எடுக்க முடியாவிட்டாலும் தானியம் கொடுக்கலாம், கும்மியில் நிற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பிள்ளைகளை ஆவணிக் கடைசியிலிருந்து தினமும் காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மேல்காற்று ஓய்ந்து கொண்டல் தொடங்கும் நாளை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். விதைப்பு அன்று காட்டுக்குக் கூட்டிப் போய் அவர்கள் கையாலும் ஒரு பிடி விதை போடச் சொல்லுங்கள்.

கூரையில் உடைந்த ஓடு இருந்தால் ஆவணிக்குள் மாற்றிவிடுங்கள், விறகையும் மாட்டுக்கான காய்ந்த தட்டைத் தீவனத்தையும் நனையாத இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். காட்டில் இருக்கும்போது வானம் கறுத்தால் பனைமரத்தடியில் ஒதுங்கக் கூடாது, வேலையை விட்டுவிட்டு முன்கூட்டியே கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். மழை பெய்து வெடிப்புகள் மூடும்போது பாம்பும் தேளும் மேட்டுக்கு வரும். இரவில் டார்ச் இல்லாமல் தொழுவத்துக்குப் போக வேண்டாம்.